படக்காரரின் இடது கிட்னி

படக்காரருக்குத் தன் இடது கிட்னியைப் பற்றி ரொம்பப் பெருமை. தலைமுடி போய்விட்டது, தொப்பை வந்துவிட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பெருமையாகக் காட்டிக்கொள்ள உடம்பில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மற்றவர்கள் செல்போனை எடுத்துப் பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டுவார்கள். இவர் யார் வந்தாலும் பெரிய திரையைப் போட்டு, தன் கிட்னியை மெதுவாகச் சுழலவிட்டுக் காட்டுவார்.

ஆபரேஷன் தியேட்டரில் எல்லோருக்கும் அவர் படக்காரர். டாக்டரம்மா வயிற்றைக் கிழித்துத் திறப்பதில்லை. சின்னச் சின்னத் துளைகள் போட்டு, ஒன்றின் வழியாகக் கேமராவையும் மற்றவற்றின் வழியாகக் கத்தரி, இடுக்கிகளையும் உள்ளே விட்டு, திரையைப் பார்த்தபடியே அறுவை செய்வார். கேமராவுக்கு மேல்பரப்பு மட்டும்தான் தெரியும். சதைக்குள் எங்கே ரத்தக்குழாய் ஓடுகிறது, எங்கே கட்டி புதைந்து கிடக்கிறது என்பதை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். அந்த ஸ்கேனை வண்ணப்படமாக மாற்றி, ஓடிக்கொண்டிருக்கும் கேமரா காட்சியின் மேல் கண்ணாடித்தாள் மாதிரிப் போர்த்திவிடுவது படக்காரர் எழுதிய ப்ரோகிராமின் வேலை. குழாய்கள் சிவப்பும் நீலமுமாக, கட்டி பச்சையாகத் தெரியும். கட்டியைச் சுற்றி மெல்லிய, கூர்மையான ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் படக்காரருக்குத் தன்மேல் ஒரு மரியாதை வரும்.

ப்ரோகிராமைச் சோதிக்க ஆரம்பத்தில் ஒரு நல்ல உடம்பு வேண்டியிருந்தது. யாரும் முன்வரவில்லை. படக்காரரே ஸ்கேன் மிஷினுக்குள் படுத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, தன்னையே படம் எடுத்துக்கொண்டார். இது மிஷினுக்கான சோதனைதானே, ஆளுக்கான சோதனை இல்லையே என்று அந்த ஸ்கேனை எந்த டாக்டரும் பார்க்கவில்லை. வலது கிட்னி பிறவியிலேயே சூம்பிப்போனது. அது சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம் என்பதால், அதை நைசாக ஓரங்கட்டிவிட்டு இடதை மட்டும் வெளியே எடுத்தார். பளபளவென்று, பெரிதாக, இரண்டு பேர் வேலையை ஒருவனாகச் செய்து பழகிய மூத்த பிள்ளை மாதிரி அது நின்றது.

ஒரே ஒரு குறை. உள்பக்க வளைவில், ரத்தக்குழாய் நுழையும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்ன மேடு தெரிந்தது.

படக்காரருக்குக் கோபம் வந்தது. உடம்பின் மேல் இல்லை, ப்ரோகிராமின் மேல். இவ்வளவு அழகான கிட்னியில் எங்கிருந்து வந்தது இந்த மேடு? படத்தை வழவழப்பாக்குகிற பகுதியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி அதன் பின்னால் அலைந்தார். கொஞ்சம் கூட்டிப் பார்த்தார். மேடு போகவில்லை. இன்னும் கூட்டினார். அது குட்டையாகிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. வாரக்கணக்கில் சோறு தண்ணி மறந்து அதனோடு மல்லுக்கட்டி, ஒரு நாள் மத்தியானம் அதைத் துடைத்தே போட்டுவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "ரொம்ப நாளா தண்ணி காட்டிட்டிருந்த ஒரு பிழைய இன்னிக்கு ஒழிச்சுட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

டாக்டரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. படக்காரரின் படம் எவ்வளவு ஜொலித்தாலும், பக்கத்துத் திரையில் சாம்பல் நிறத்து அசல் ஸ்கேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விருந்துக்குக் கூப்பிட்டால் டிபன் பாக்ஸோடு வருகிற மாதிரி இருக்கும் படக்காரருக்கு. "உங்க படத்துல கட்டி கொஞ்சம் சின்னதா தெரியுதே" என்று டாக்டரம்மா ஒருமுறை கேட்டதற்கு, "அது வரையற விதம் டாக்டர், போகப் போகப் பழகிடும்" என்று ஆறுதல் வேறு சொல்லியிருந்தார்.

அன்று வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. படக்காரர் விளக்கை அணைத்து, கிட்னியைச் சுழலவிட்டு, வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"நோயாளி அசைஞ்சாலும், மூச்சு விட்டாலும், படம் தானாவே பொருந்திக்கும். துல்லியம் எவ்வளவுன்னு கேப்பீங்க. ஒரு மில்லிமீட்டர்!"

வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். பின்னால் நின்ற டாக்டரம்மா மட்டும், "இதோட அசல் ஸ்கேனையும் போடுங்க" என்றார். படக்காரர் உள்ளுக்குள் அலுத்துக்கொண்டே போட்டார். சாம்பல் நிற அடுக்குகள் ஒவ்வொன்றாக ஓடின. ஓரிடத்தில் டாக்டரம்மா கையை நீட்டி நிறுத்தினார். இரண்டு அடுக்கு பின்னால் போனார், முன்னால் வந்தார், மறுபடி பின்னால் போனார்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான் டாக்டர்" என்றார் படக்காரர், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வந்தவங்கள அனுப்பிட்டு என் ரூமுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று படக்காரர் நினைத்தார். ஏதாவது மாநாட்டில் காட்டுவதற்குத் தன் கிட்னியைக் கேட்பாராக இருக்கும். கேட்டவுடன் கொடுத்துவிடக் கூடாது, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று திட்டமிட்டபடி, இருந்த நாலு முடியையும் வாரிக்கொண்டு போனார்.

"உள்பக்கத்துல ஒரு மேடு இருக்கே, அத பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஓ, அதுவா? பாத்தேன் டாக்டர். பிழை அது. சரி பண்ணிட்டேன்."

"எத சரி பண்ணீங்க?"

"படத்த."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அது உங்க படத்துல வந்த பிழை இல்ல. உங்க உடம்புல வந்த கட்டி."

படக்காரருக்கு இந்த நேரத்தில் வரக்கூடாத ஒரு நினைப்பு வந்தது. உலகத்தில் எத்தனையோ முட்டாள்கள் தங்கள் வியாதியைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார்கள். அதை நேருக்கு நேர் பார்த்து, வாரக்கணக்கில் பாடுபட்டு, ரப்பர் வைத்து அழித்துவிட்டு, வீட்டில் போய்ப் பெருமையடித்துக்கொண்ட முட்டாள் தான் ஒருவன்தான் என்று நினைத்தார்.

"அப்ப மத்த நோயாளிங்க படத்துல?" என்று கேட்டார்.

"அவங்க கட்டிய ஸ்கேன் டாக்டர் முன்னாடியே குறிச்சு குடுத்துடறார். அதனால உங்க இஸ்திரிப்பெட்டிக்கு தப்பிச்சுது. கொஞ்சம் சுருங்கினதோட சரி. உங்களுக்குத்தான் யாரும் குறிக்கல."

மறுபடி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று எல்லாம் நடந்தது. கட்டி இன்னும் சின்னதுதான், வேறெங்கும் பரவவில்லை, ஆனால் எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று. மேலே தெரிந்த மேடு அதன் நுனி மட்டும்தான். மீதி முழுவதும் சதைக்குள் புதைந்து, பெரிய ரத்தக்குழாயின் கிளையை ஒட்டிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த மச்சினன் ஆறுதல் சொன்னான். "கவலைய விடுங்க மச்சான். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு. எதுக்கு ரெண்டு வெச்சிருக்கான்?"

"எனக்கு வெச்சது ஒண்ணேகால்தான்டா" என்றார் படக்காரர். "அந்தக் கால் பாகத்த நம்பி வாழ முடியாது. இது போச்சுன்னா வாரத்துல மூணு நாள் மிஷின்ல போய் படுத்து ரத்தத்த அலசிட்டு வரணும். கட்டிய மட்டும் எடுத்துட்டு கிட்னிய விட்டுவைக்கணும். அதுதான் இப்ப கேள்வி."

மச்சினன் அடுக்களை வாசலில் நின்றிருந்த அக்காவைப் பார்த்தான்.

படக்காரரின் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொடுக்கும் காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. எப்பேர்ப்பட்ட ஆள் ஸ்டீயரிங்கைப் பிடித்தாலும் பதறமாட்டாள், கால் மட்டும் அந்த பிரேக்கின் மேலேயே இருக்கும். கணவனைப் பற்றி அவளுக்கு ஒரு தீர்மானமான கருத்து இருந்தது. வீட்டுக் காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் "இடம் இருக்கு, இடம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சுவரில் உரசுகிற மனிதர் அவர்.

தம்பி போனபிறகு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "டாக்டர் உங்க படத்த வெச்சுத்தானே பண்ணப்போறாங்க?"

"ஆமா. கட்டி உள்ள புதைஞ்சிருக்கு. படம் இல்லாம கண்டுபிடிக்கறது கஷ்டம். இல்லேன்னா கிட்னிய முழுசா எடுக்க வேண்டி வரும்."

"அப்புறம் என்ன? உங்க படம்தான் ஒரு மில்லிமீட்டர் பிசகாதே."

படக்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

"என்னங்க, பிசகாதுதானே?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் பக்கத்து சீட்டில் இருக்கிறவன் கிளட்சை விடப்போகிறான் என்பது அவன் கால் அசைவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

"நீங்க எதையோ மறைக்கறீங்க."

அப்போதுதான் அது வெளியே வந்தது. படம் தானாகப் பொருந்தாது. முதலில் ஓரளவு பொருந்தும், அவ்வளவுதான். வயிற்றுக்குள் காற்றை அடைத்து உப்பவைப்பார்கள், நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள். மல்லாக்கப் படுத்து ஸ்கேன் எடுத்தபோது இருந்த இடத்தில் எந்த உறுப்பும் இருக்காது. தியேட்டர் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல், கீபோர்டில் அம்புக்குறி பட்டனைத் தட்டித் தட்டி, படத்தைக் கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் கீழே என்று நகர்த்திப் பொருத்துவது படக்காரரேதான். "தானியங்கி" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது தன் ஆள்காட்டி விரலைத்தான்.

"எத வெச்சு நகத்துவீங்க?"

"கண்ணளவுதான்."

"சுவத்துல உரசற அதே கண்ணா?"

படக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "நீங்க மயக்கத்துல கிடக்கும்போது யாரு அந்த பட்டன தட்டுவாங்க?" என்று கேட்டாள். அதைத்தான் நாலு நாளாக யோசித்துக்கொண்டிருப்பதாக அவர் சொன்னார்.

"யோசிச்சது போதும். நாளைக்கு டாக்டர்கிட்ட போய் சொல்லுங்க. நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

மறுநாள் காலை டாக்டரம்மாவின் அறைக்குப் போன படக்காரர், நேராக விஷயத்துக்கு வராமல் சுற்றி வளைத்து, ஒரு யோசனையோடு ஆரம்பித்தார்.

"டாக்டர், முழு மயக்கம் வேண்டாம்னு நினைக்கறேன். வயிறு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டா போதாதா? நான் முழிச்சுட்டே இருந்தா உங்களுக்கு உதவியா இருக்கும்."

"என்ன உதவி?"

"படத்த அப்பப்ப கொஞ்சம் நகத்தி விடணும்."

மீதிக் கதையையும் சொல்லி முடித்தார். டாக்டரம்மா ரொம்ப அமைதியாகக் கேட்டார்: "உங்க வயித்த துளைச்சு நான் உள்ள வெட்டிக்கிட்டிருப்பேன். நீங்க ஒருக்களிச்சு படுத்துக்கிட்டே கீபோர்டு தட்டுவீங்க. அப்படித்தானே?"

"ஒரு கை போதும் டாக்டர்."

"வெளிய போங்கன்னு வாய் வரைக்கும் வருது. உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"இவ்வளவு நாள் என் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து தள்ளிவிட்டுட்டு இருந்தீங்க. படம் ஆடும்போதெல்லாம் ப்ரோகிராம் வேலை செய்யுதுன்னு நினைச்சேன். சரி. அந்த நோயாளிங்களுக்கெல்லாம் நீங்க தள்ளினது சரியான இடத்துக்குத்தானா?"

"பெரும்பாலும்" என்றார் படக்காரர்.

சொல்லி முடித்த உடனே அந்த வார்த்தை அவருக்கே சுட்டது. மேசைமேல் படுத்திருந்தது இன்னொருவர் என்கிறபோது அவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவன் மாதிரி மூலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

"உங்களுக்கு பெரும்பாலும் போதுமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"போதாது டாக்டர்." அவமானத்தில் காது இரண்டும் கொதித்தன.

"நல்லவேளை, வெட்டறதுக்கு முன்ன நான் எப்பவும் அல்ட்ராசவுண்ட் கருவிய உள்ள விட்டு, கட்டி இருக்கற இடத்த தொட்டு பாத்துக்குவேன். அதனால யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதுல உங்களுக்குப் பங்கு கிடையாது." டாக்டரம்மா குரல் கொஞ்சம் தணிந்தது. "ஆனா உங்க கட்டி இருக்கற இடம் மோசம். எடுக்கும்போது ரத்தக்குழாய இறுக்கி அடைச்சு வெச்சிருப்பேன். ரொம்ப நேரம் அடைச்சு வெச்சா கிட்னி செத்துடும். அங்கயும் இங்கயும் துழாவ நேரம் இருக்காது. எங்க தேடணும்னு படம் எனக்குச் சொல்லணும். அதுக்குத் தெரியாதது தெரியாதுன்னும் சொல்லணும்."

அதற்கு வழி இருந்தது, அதுவும் படக்காரரிடமே இருந்தது. ப்ரோகிராமின் முதல் வடிவத்தில் டாக்டர் தன் கருவியின் நுனியால் கிட்னியின் மேல்முனை, கீழ்முனை, ரத்தக்குழாய் நுழையும் இடம் என்று மூன்று இடங்களைத் தொட வேண்டும். தொட்டால் படம் அந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு உட்காரும். கிட்னி நகர்ந்தால் மறுபடி தொட வேண்டும். பார்வையாளர்கள் முன்னால் அப்படித் தொட்டுக்கொண்டிருப்பது கௌரவமாக இல்லை என்று படக்காரரே அதைத் தூக்கிப் பரணில் போட்டிருந்தார். இப்போது தூசி தட்டி எடுத்தார். வழவழப்பாக்கும் பகுதியை அடியோடு பிடுங்கினார். கடைசியாகத் தன் செல்லக் கோட்டில் கை வைத்தார். எவ்வளவு தூரம் பிசக வாய்ப்பிருக்கிறதோ அவ்வளவு அகலத்துக்கு அதை ஒரு மங்கலான பட்டையாக மாற்றினார். பட்டை அவர் நினைத்ததைவிட அகலமாக வந்தது.

மனைவி மடிக்கணினித் திரையை எட்டிப் பார்த்தாள். கிட்னி பாகற்காய் மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. கட்டியைச் சுற்றிப் பச்சையாக ஏதோ ஈரத்தில் கசிந்தது மாதிரி இருந்தது.

"இதுதானா அது?"

"இதுதான். அசிங்கமா இருக்கில்ல?"

"இப்பத்தான் பாக்க உங்க கிட்னி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் தோளில் கையை வைத்தாள்.

ரப்பரில் வார்த்த கிட்னி ஒன்று படக்காரரிடம் இருந்தது. டாக்டரம்மா அதை ஒரு பெட்டிக்குள் வைத்துத் தினமும் மூன்று இடம் தொட்டுப் பழகினார். பழகும்போது படக்காரர் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் உள்ள டாக்டர்" என்று ஆரம்பித்தால், "கைய கட்டிக்கிட்டு நில்லுங்க" என்று பதில் வரும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினமான வேலை என்பது அவருக்கு அந்த வாரம்தான் தெரிந்தது.

அறுவை நாளன்று தியேட்டர் வாசல் வரை மனைவி கூடவே வந்தாள். "உள்ள போய் யாருக்கும் கிளாஸ் எடுக்காதீங்க" என்றாள். சரி என்று தலையாட்டினார். அவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

எத்தனையோ முறை வந்த அறைதான். ஆனால் இதுவரை அதன் கூரையை அவர் பார்த்ததில்லை. மூலையில் தன் நாற்காலி காலியாக இருப்பதைத் தலையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்தவன் இங்கே படுத்திருந்தவர்களை ஒருநாளாவது முகம் பார்த்திருக்கிறானா என்று யோசித்தார். பார்த்ததாக ஞாபகமில்லை. அவர் வந்து உட்காரும்போதெல்லாம் பச்சைத் துணி போர்த்தியாகியிருக்கும்.

தியேட்டர் சிஸ்டர் குனிந்து, "என்ன படக்காரரே, இன்னிக்கு இந்தப் பக்கம்?" என்றார்.

"சிஸ்டர், மேல்முனைய தொடும்போது கொழுப்ப நல்லா விலக்கணும், இல்லேன்னா படம்…"

"டாக்டர், இவரு ஆரம்பிச்சுட்டாரு."

"மயக்கத்த சீக்கிரம் குடுங்க" என்று டாக்டரம்மாவின் குரல் கேட்டது. படக்காரர் இன்னும் ஒரு முக்கியமான குறிப்பைச் சொல்ல வாயைத் திறந்தார். அது என்ன என்பது இன்றுவரை அவருக்கே தெரியாது.

கண் விழித்தபோது தொண்டை காய்ந்திருந்தது. மனைவியின் முகம் மேலே மங்கலாகத் தெரிந்தது.

"இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"முழுசாவா?"

"ஒரு கடி குறையுது. மிச்சம் பத்திரமா இருக்கு." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படக்காரரும் அழுதார். மயக்க மருந்தினால் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று விளக்கம் சொல்லப் பார்த்தார், குரல் வரவில்லை.

நடமாட ஆரம்பித்தபிறகு டாக்டரம்மா அறுவையின் வீடியோவைப் போட்டுக் காட்டினார். ஊரார் வயிற்றையெல்லாம் பிஸ்கட் தின்றுகொண்டே பார்த்த ஆள், தன் வயிற்றைப் பார்த்ததும் தலை சுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்த்தார். டாக்டரம்மா மூன்று இடமும் தொட்டார், படம் உட்கார்ந்தது. கிட்னியைப் புரட்டியதும் நகர்ந்தது, மறுபடி தொட்டார். பச்சைப் பட்டை மங்கலாக விரிந்தது. அதன் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அல்ட்ராசவுண்ட் கருவி தடவிக்கொண்டே போயிற்று. பட்டை கிட்டத்தட்ட முடிகிற இடத்தில், கீழ் ஓரத்தில், கட்டி அகப்பட்டது. குழாயை அடைத்து, அதை மட்டும் தோண்டி எடுத்து, தையல் போட்டு, குழாயைத் திறந்தார். வெளுத்துக் கிடந்த கிட்னி மெல்லச் சிவந்தது. அந்த இடத்தில் படக்காரருக்கு மறுபடி தண்ணீர் தேவைப்பட்டது.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் படக்காரருக்கு அரித்தது. அதே வீடியோவின் மேல் தன் பழைய ப்ரோகிராமை ஓடவிட்டார். வழவழப்பான கிட்னியும், ஸ்கேன் டாக்டர் இந்த முறை குறித்துக் கொடுத்திருந்த கட்டியைச் சுற்றி அந்தக் கூர்மையான கோடுமாக, படம் ஜம்மென்று வந்து உட்கார்ந்தது. பார்க்க அவ்வளவு அழகு. கோட்டுக்குள் இருந்தது முழுவதும் நல்ல சதை. கோட்டின் ஒரு பக்கம் ரத்தக்குழாயின் கிளைமேல் நேராகப் போனது.

டாக்டரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வழக்கம்போல நீங்க மூலையில உக்காந்திருந்தா, இத எந்தப் பக்கம் தள்ளியிருப்பீங்க?"

படக்காரர் திரையை நன்றாகப் பார்த்தார். அவர் விரல் பழக்கத்தில் கீபோர்டுக்குப் போயிற்று. மேல் அம்புக்குறியின் மேல் நின்றது.

"மேல தள்ளியிருப்பேன் டாக்டர்."

கட்டி இருந்தது கீழே. படக்காரர் விரலை எடுத்து மடக்கிக்கொண்டார். துணி போர்த்திக் கிடந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒருவர் முகமும் தெரியவில்லை. அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. தன் கட்டியைப் பற்றிக் கேட்ட அன்றுகூட அவ்வளவு பயம் வரவில்லை.

அதற்கப்புறம் எல்லா நோயாளிகளுக்கும் மூன்று இடம் தொடுகிற முறையும் மங்கலான பட்டையும்தான். கீபோர்டில் அம்புக்குறி பட்டன்கள் நான்கையும் படக்காரரே பிடுங்கி எடுத்துவிட்டார். அறுவைக்கு முன்னால் ஒரு நடை போய் நோயாளியைப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். "நீங்க என்ன டாக்டரா?" என்று கேட்பார்கள். "இல்லீங்க, படம் போடறவன்" என்பார்.

மாதங்கள் கழித்து ஒரு குழு வந்தது. படக்காரர் விளக்கை அணைத்து, புதிதாக எடுத்த ஸ்கேனிலிருந்து தன் இடது கிட்னியைச் சுழலவிட்டார். உள்பக்க வளைவில் கடித்து எடுத்த மாதிரி ஒரு பள்ளம். குழுவின் தலைவர் நல்ல மனிதர், உதவி செய்கிற எண்ணத்தோடுதான் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"எல்லாம் பிரமாதமா இருக்கு. இங்க மட்டும் ஒரு குழி விழுது பாருங்க. உங்க ப்ரோகிராம்ல ஏதோ சின்னப் பிழை போலிருக்கு. கொஞ்சம் வழவழப்பாக்கி விட்டீங்கன்னா சரியாயிடும்."

படக்காரரின் கை தன்னையறியாமல் இடது விலாவின் கீழே போய், சட்டைக்கு மேலாகத் தழும்பைத் தொட்டது. பின்னால் டாக்டரம்மா நின்றிருந்தார். படக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிழை இல்லீங்க. அங்க நிஜமாவே அவ்வளவு சதை இல்ல."

"அப்படியா? யாரோடது இது?"

"என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே, பக்கத்துத் திரையில் அசல் ஸ்கேனைப் போட்டார்.